கல்லூரி வாசலும் குடும்பக் கணக்கும்

ஜூன் மாதம் பிறந்ததும் குற்றால மலையில் சாரல் விழத் தொடங்குகிறது. ஐந்தருவிச் சாலையின் இருமருங்கிலும் தற்காலிகக் கடைகள் முளைக்கின்றன. நேந்திரம் சிப்ஸ் பொரிப்பதற்கும், ரம்புட்டானும் மங்குஸ்தானும் விற்பதற்கும், விடுதிகளில் அறை துப்புரவு செய்வதற்கும், வண்டிகளை ஒழுங்குபடுத்துவதற்கும் ஆட்கள் தேவைப்படுகின்றனர். உழைக்கும் கைகளுக்கு அந்த வாரங்களில் கூலி தாராளம். அதே வாரங்களில்தான் பிளஸ் டூ தேறிய மாணவர்களுக்குக் கல்லூரிகளின் வாசலும் திறக்கிறது. ஆக, பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளை ஒரே நேரத்தில் இரண்டு வாசல்களின் முன் நிற்கிறான். ஒன்றில் உள்ளே நுழைந்த அன்றே காசு கிடைக்கிறது. மற்றொன்றில் நுழையும்போதே காசு கொடுக்க வேண்டியிருக்கிறது.

இந்நிலையில் நம் இல்லங்களில் இரண்டு வகையான பேச்சைக் கேட்கிறோம். "படித்தவனெல்லாம் சும்மாதானே இருக்கிறான், இவன் படித்து என்ன ஆகப் போகிறது?" என்பது ஒன்று. "வீட்டை விற்றாவது இவனைப் பட்டதாரி ஆக்கிவிட வேண்டும்" என்பது மற்றொன்று. முதற்பேச்சில் சலிப்பு இருக்கிறது. இரண்டாவதில் பாசம் இருக்கிறது. இரண்டிலும் இல்லாதது கணக்கு. கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து, அதை முடிக்கத் தன்னிடம் பொருள் உண்டா என்று எண்ணிப் பார்க்க வேண்டாமா என்று கேட்கும் நற்செய்தி உவமையை நாம் நன்கு அறிவோம். பிள்ளையின் படிப்பும் அத்தகைய கட்டடமே. எனவே இம்மாதம் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு, பெற்றோரும் பிள்ளைகளுமாக ஒன்றாய் அமர்ந்து, அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

கண்ணுக்குத் தெரியாத செலவு

கல்லூரிச் செலவு என்றதும் கட்டணம், புத்தகம், பேருந்து, விடுதி ஆகியவை நம் நினைவுக்கு வருகின்றன. இவை கண்ணுக்குத் தெரியும் செலவுகள். இவற்றோடு தெரியாத செலவு ஒன்றும் உண்டு. படிக்கும் ஆண்டுகளில் பிள்ளை வேலைக்குப் போயிருந்தால் சம்பாதித்திருக்கக்கூடிய தொகையே அது. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் கேரி பெக்கர் 1964இல் வெளியிட்ட நூலில், படிப்பை ஒரு முதலீடாகக் கொண்டு, இழந்த கூலியையும் அதன் செலவில் சேர்த்தே கணக்கிட்டார். பிற்காலத்தில், 1992இல், அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஏழைக் குடும்பங்களுக்கோ இதைச் சொல்லித்தர அறிஞர் எவரும் தேவையில்லை. வேலைக்குப் போகாத ஒரு நாளின் விலை அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆயினும் இந்த இழந்த கூலியைக் கணக்கிடுவதில் நம் பகுதியில் ஒரு தவறு எளிதாக நேர்ந்துவிடுகிறது. சீசன் கூலியை ஆண்டு முழுவதற்குமான கூலியாக எண்ணிவிடுகிறோம். எடுத்துக்காட்டாக, சீசனில் நாளொன்றுக்கு 600 ரூபாய் வீதம் மாதம் 26 நாள் வேலை கிடைக்கிறது என்று கொள்வோம். மாதம் 15,600 ரூபாய் ஆகிறது. அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் ஆண்டுக்கு 1,87,200 ரூபாய்! இவ்வளவு வருமானத்தையும் விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போவானேன் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் சாரல் பன்னிரண்டு மாதமும் விழுவதில்லையே! சீசன் மூன்று மாதம் எனவும், மற்ற ஒன்பது மாதங்களில் மாதத்திற்கு 12 நாள், நாளுக்கு 500 ரூபாய் எனவும் கொண்டால் சீசனில் 46,800, ஏனைய மாதங்களில் 54,000, ஆகமொத்தம் 1,00,800 ரூபாய். சராசரியாக மாதம் 8,400 ரூபாய்தான். முதலில் எண்ணியதற்கும் இதற்கும் எத்துணை வேறுபாடு! உங்கள் வீட்டுக் கூலி வேறாக இருக்கலாம். ஆனால் கணக்கை ஆண்டு முழுவதற்கும் போடுங்கள். ஆரவாரமான மூன்று மாதங்களை மட்டும் பார்த்து ஒரு பிள்ளையின் நாற்பது ஆண்டு உழைப்பைத் தீர்மானிக்காதீர்கள்.

மகளின் கணக்கு

தென்காசி வட்டாரத்துச் சிற்றூர்களில் பீடித் தட்டு இல்லாத தெருக்கள் குறைவு. தாய்க்குத் துணையாக மகளும் இலை வெட்டிப் பீடி சுற்றுகிறாள். அவளால் நாளொன்றுக்கு 150 ரூபாய் வருகிறது என்று கொள்வோம். மாதம் 25 நாளுக்கு 3,750, ஆண்டுக்கு 45,000, மூன்றாண்டுக்கு 1,35,000 ரூபாய். அவள் வீட்டிலிருந்தே சென்றுவரக்கூடிய கல்லூரியில் சேர்ந்தால் கட்டணம், புத்தகம், உடை முதலியவற்றுக்கு ஆண்டுக்கு 20,000 வீதம் மூன்றாண்டுக்கு 60,000 ரூபாய் ஆவதாக வைத்துக்கொள்வோம்.

இச்செலவைக் குறைக்கும் வழிகளும் உள்ளன. அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை பயின்று உயர்கல்வியில் சேரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்ற மாணவியருக்கும் அது 2024 டிசம்பர் 30ஆம் நாள் தூத்துக்குடியில் விரிவாக்கப்பெற்றது. நம் மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் நடத்தும் பள்ளிகளில் பல இவ்வகையைச் சேர்ந்தவை என்பதை வாசகர்கள் கருத்திற்கொள்க. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9ஆம் நாள் தொடங்கியது. மேலும், சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யும் வசதி 2021 மே மாதத்தில் வந்தது.

மாதம் 1,000 வீதம் 36 மாதங்களுக்கு 36,000 ரூபாய். அதைக் கழித்தால் கைச்செலவு 24,000. இழந்த கூலி 1,35,000 ரூபாயைச் சேர்த்தால் மொத்தச் செலவு 1,59,000. பட்டம் பெற்றபின் அவளுக்கு 10,000 ரூபாய் ஊதியமுள்ள எளிய வேலை ஒன்றே கிடைக்கிறது என்று கொள்வோம். பீடித் தொழிலைவிட மாதம் 6,250 கூடுதல். அப்படியானால் செய்த செலவு முழுவதும் ஏறத்தாழ இருபத்தாறு மாதங்களில் திரும்பிவிடும். அதன்பின் வருவதெல்லாம் ஆதாயமே. வேலை கிடைக்க ஓராண்டு தாமதமானாலும், அந்த ஓராண்டின் கூலி 45,000 ரூபாயைச் செலவில் சேர்த்துக்கொண்டால் 33 மாதங்களுக்குள் கணக்கு நேராகிவிடுகிறது.

இந்தச் சிறிய கணக்கு உலகளாவிய ஆய்வுக்கும் ஒத்ததே. சக்காரோபுலோஸ், பாட்ரினோஸ் என்னும் இரு பொருளியலாளர்கள் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து உலக வங்கியின் வழியாக 2018இல் வெளியிட்ட அறிக்கையில், ஒவ்வோர் ஆண்டுப் படிப்பும் வருமானத்தைச் சராசரியாக ஏறத்தாழ 9 விழுக்காடு உயர்த்துகிறது என்றும், இப்பயன் ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதி என்றும் கண்டனர். நம் வீடுகளிலோ பணம் போதாதபோது முதலில் நிறுத்தப்படுவது மகளின் படிப்பே. குற்றாலத்தில் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி 1964 முதல் நடந்துவருகிறது. சுரண்டையிலும் ஆலங்குளத்திலும் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. வாசலருகே கல்லூரி இருக்க, மகளை வீட்டில் இருத்துவது சிக்கனம் ஆகாது, அது நட்டமே.

கடனின் கணக்கு

இனி, வெளியூரில் விடுதியில் தங்கி நான்காண்டு தொழிற்கல்வி பயிலும் மகனின் கணக்கைப் பார்ப்போம். கட்டணமும் விடுதியும் ஆண்டுக்கு 1,50,000 வீதம் 6,00,000 ரூபாய் எனக் கொள்வோம். இதில் 2,00,000 குடும்பத்தின் கைப்பணம். மீதி 4,00,000 ரூபாய் கல்விக் கடன். வட்டி நூற்றுக்குப் பத்து.

படிக்கும் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பது கல்விக் கடனின் சலுகை. "கட்ட வேண்டியதில்லை" என்றால் "வட்டி இல்லை" என்று பலர் பொருள் கொள்கின்றனர். அப்படியன்று. ஆண்டுதோறும் ஒரு இலட்சமாகக் கடன் பெற்றால், தனிவட்டிக் கணக்கிலேயே அந்த ஐந்தாண்டுகளில் 1,40,000 ரூபாய் வட்டி சேர்ந்துவிடும். முதல் தவணை தொடங்கும் நாளில் கடன் 5,40,000 ரூபாயாக நிற்கும். அதைப் பத்தாண்டில் அடைக்க மாதம் ஏறத்தாழ 7,136 ரூபாய் கட்ட வேண்டும். முடிவில் கட்டியிருக்கும் தொகை 8,56,000 ரூபாய். பெற்றதோ 4,00,000 மட்டுமே.

இதனோடு கைப்பணம் 2,00,000 ரூபாயையும், நாம் முன்னர்க் கண்ட கூலிக் கணக்கின்படி நான்காண்டில் இழந்த 4,03,000 ரூபாயையும் சேர்த்தால், அப்படிப்பின் உண்மை விலை பதினான்கரை இலட்சத்தை எட்டுகிறது. படித்து முடித்த மகனுக்கு மாதம் 15,000 ரூபாய் வேலை கிடைத்தால், தவணை போக அவன் கையில் நிற்பது 7,864 ரூபாய். ஐந்தருவிக் கடையில் அவன் ஈட்டியிருக்கக்கூடிய சராசரி 8,400 ரூபாயைவிட இது குறைவு. வெளியூரில் வாடகையும் உணவும் அதிலிருந்தே கொடுக்கப்பட வேண்டும்! மாறாக, 30,000 ரூபாய் ஊதியம் கிடைத்தால் தவணை போக 22,864 ரூபாய் மிஞ்சும். அப்போது அதே கடன் அவனை உயர்த்திய ஏணியாகிறது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "கல்லூரிக்குப் போகலாமா?" என்பதன்று. "இந்தக் கல்லூரியில், இந்தப் பாடத்தைப் பயின்றால், இவ்வளவு கடனைச் சுமக்கத் தகுந்த ஊதியம் கிடைக்குமா?" என்பதே. இதற்கான விடையைக் கல்லூரியின் விளம்பரத் தாளில் தேடாதீர்கள். சென்ற இரண்டு மூன்று ஆண்டுகளில் அங்குப் படித்து வெளியேறிய உங்கள் ஊர்ப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். எத்தனை பேருக்கு வேலை, எவ்வளவு ஊதியம், எத்தனை மாதம் காத்திருந்தனர் என்ற மூன்று கேள்விகள் போதும்.

கடன் பெற்றே தீர வேண்டுமாயின் ஒரு யோசனை. படிக்கும் காலத்திலும் அதன்பின் வரும் ஓராண்டிலும் வட்டியை மட்டும் கட்டி வாருங்கள். முதலாண்டு மாதம் 833 ரூபாயில் தொடங்கி, நான்காம் ஆண்டில் மாதம் 3,333 ரூபாய் வரை அது உயரும். அவ்வாறு செய்தால் தவணை 7,136 ரூபாய்க்குப் பதிலாக 5,286 ரூபாய் ஆகும். மொத்தத்தில் எண்பதாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம். கிறிஸ்தவக் குடும்பங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்திலுள்ள பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில், தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தின் கல்விக் கடனைப் பற்றியும் விசாரிப்பது நலம். தகுதியுள்ளோருக்கு வங்கியைவிடக் குறைந்த வட்டியில் அது கிடைக்கிறது.

பட்டமின்றி ஒரு வழி

"கல்லூரிக்கே போகாமல் கணினி வேலைக்குப் போகலாமாமே?" என்று இளைஞர் சிலர் கேட்கின்றனர். நம் மாவட்டத்தில் இக்கேள்வி எழுவது இயல்பே. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஜோஹோ என்னும் மென்பொருள் நிறுவனம் அலுவலகம் நடத்துகிறது. அந்நிறுவனம் 2004இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளி, பிளஸ் டூ அல்லது டிப்ளமோ முடித்தவர்களைத் தேர்ந்தெடுத்து, கட்டணம் வாங்காமல் மாத உதவித்தொகையும் தந்து பயிற்றுவிக்கிறது. பயிற்சி முடித்தோருக்கு அந்நிறுவனத்திலேயே வேலையும் அளிக்கிறது. தென்காசியிலும் அப்பள்ளி நடைபெறுகிறது. நம் கணக்கின்படி இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை: கட்டணம் இல்லை, கடன் இல்லை, கூலியிழப்பும் மிகக் குறைவு.

ஆயினும் இரண்டு செய்திகளை மறத்தலாகாது. முதலாவது, தேர்வும் நேர்காணலும் கடந்து உள்ளே செல்வோர் சிலரே. அனைவருக்கும் திறந்த வாசலாக அதைக் கருதிக் கல்லூரி விண்ணப்பத்தைக் கைவிடுவது அறிவுடைமையன்று. இரண்டாவது, அப்பயிற்சி பல்கலைக்கழகப் பட்டம் ஆகாது. தமிழ்நாடு தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வைப் பத்தாம் வகுப்புத் தேறியவரே எழுதலாம். இரண்டாம் தொகுதித் தேர்வுக்கோ பட்டம் வேண்டும். காவல் துறையில் இரண்டாம் நிலைக் காவலர் பணிக்குப் பத்தாம் வகுப்பு போதும். உதவி ஆய்வாளர் பணிக்குப் பட்டம் தேவை. பட்டம் என்பது வேலை அன்று. சில கதவுகளுக்கு அது சாவி. அந்நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் என்பதையும் இளைஞர்கள் நினைவிற்கொள்ளட்டும்.

இரண்டுக்கும் இடைப்பட்ட வழிகளும் உண்டு. ஐ.டி.ஐ.யில் தொழில் கற்று, 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் உதவித்தொகையுடன் பழகுநராகச் சேரலாம். 2002இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக, வேலை பார்த்துக்கொண்டே பட்டம் பெறலாம். சீசனில் உழைத்து, எஞ்சிய மாதங்களில் படிக்க விரும்பும் ஐந்தருவிப் பிள்ளைக்கு இது பொருத்தமான வழி.

"படித்தவன் சும்மாயிருக்கிறான்"

இக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. பன்னாட்டுத் தொழிலாளர் நிறுவனம் பங்கேற்று 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022இல் பட்டதாரி இளைஞர்களிடையே வேலையின்மை 29.1 விழுக்காடு, எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே 3.4 விழுக்காடு மட்டுமே. இதைக் கண்டு படிப்பே வேலையைக் கெடுக்கிறது என்று முடிவு செய்வது தவறு. எழுத்தறியாதவன் எக்கூலிக்கும் அன்றே போயாக வேண்டும். காத்திருக்க அவனுக்கு வழியில்லை. பட்டதாரி தன் படிப்புக்கேற்ற வேலைக்காகக் காத்திருக்கிறான். எனினும் அக்காத்திருப்பும் ஒரு செலவே. அதையும் தாளில் எழுதுங்கள். "எத்தனை மாதம் காத்திருக்க இயலும்? அதுவரை என்ன வேலை செய்வாய்?" என்று சேருவதற்கு முன்பே பிள்ளையோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேட்டால் கிடைக்கும் உதவிகள்

உதவி இருப்பதை அறியாமலே பலர் முழுச் செலவையும் தம் தலையில் சுமக்கின்றனர். பீடித் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் நலத்துறை கல்வி உதவித்தொகை வழங்குகிறது. அதற்குத் தாயின் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை முக்கியம். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பயில்வோர் கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேர்ந்தால் கட்டணச் சலுகை பெறும் ஏற்பாடு 2010இல் வந்தது. முதல் பட்டதாரிச் சான்றிதழை முன்கூட்டியே பெற்றுவைக்க வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2020இல் மருத்துவப் படிப்புக்கும், 2021இல் பொறியியல் முதலிய தொழிற்கல்விக்கும் வந்தது. ஆதிதிராவிடராயிருந்து கிறிஸ்தவரான குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் மாநில அரசின் உதவித்தொகை உண்டு. விதிகள் ஆண்டுக்காண்டு திருத்தப்படுவதால் அவ்வாண்டின் விதியைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டறிக. சாதி, வருமானச் சான்றிதழ்களைத் தேர்வு முடிவு வரும்வரை காத்திராமல் ஏப்ரலிலேயே பெற்றுவிடுக.

பங்குகளில் செய்யக்கூடிய பணியும் ஒன்று உண்டு. கல்லூரியில் பயிலும், பயின்று முடித்த இளைஞர் நால்வர் மே மாதத்து ஞாயிறுகளில் திருப்பலிக்குப்பின் ஒருமணி நேரம் அமர்ந்து, விண்ணப்பம் நிரப்பவும் உதவித்தொகை விவரம் சொல்லவும் முன்வரலாம். வின்சென்ட் தே பவுல் சபையினர் முதலாண்டுக் கட்டணத்துக்குக் கைம்மாற்றாகச் சிறு தொகை தந்தாலே கந்துவட்டிக்காரரிடம் போகாமல் ஒரு குடும்பம் தப்பிவிடும்.

அன்பார்ந்த பெற்றோரே, தாளில் அடங்காத பயன்கள் கல்விக்கு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. படித்த தாயின் வீட்டில் பிள்ளைகளின் உடல்நலமும் கல்வியும் உயர்கின்றன. கையெழுத்திடும் பத்திரத்தைப் படித்தறிந்து கையெழுத்திடும் துணிவு வருகிறது. ஆனால் கடன் தவணை அந்தப் பயன்களைக் கேட்டுத் திருப்தி அடைவதில்லை. அது மாதந்தோறும் பணத்தையே கேட்கிறது. ஆதலால் குறைந்த செலவில், அருகிலுள்ள நல்ல கல்லூரியில், பிள்ளைக்கு விருப்பமும் திறனுமுள்ள பாடத்தில் சேர்ப்பதற்குத் தயங்காதீர்கள். பெருங்கடனில் சேர்ப்பதற்கு முன் மட்டும் நூறுமுறை தயங்குங்கள். மகனுக்கு ஒரு கணக்கும் மகளுக்கு ஒரு கணக்கும் வேண்டா. முடிவு எதுவாயினும், கணக்கெழுதிய தாளை அந்தப் பிள்ளையின் கையிலேயே கொடுங்கள். தன் படிப்புக்காகக் குடும்பம் எதை இழக்கிறது என்று அறிந்த பிள்ளை, வகுப்பை வீணாக்கத் துணிவதில்லை.